அக்காவின் மாத்திரையும் மலை இறங்கி எடுக்கும் டெஸ்ட்டும்

அக்காவுக்குச் சின்ன வயதில் அடிக்கடி தொண்டை வலி வரும். பின்னாலேயே முட்டி வீங்கும். அது வடிவதற்குள் அடுத்த முட்டி. கொல்லிமலையில் அன்றைக்கு அதை வளர்ற வயசு வலி என்று விட்டுவிட்டார்கள். அது தொண்டைத் தொற்றுக்குப் பின்னால் வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது என்பது, இரண்டாவது பிரசவத்தில் மூச்சுத் திணறிக் கீழே தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் தெரிந்தது.

வால்வு சுருங்கினால் இடது மேலறையில் ரத்தம் தேங்கி அறை விரியும். நாளாக நாளாக அது ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். அக்காவின் மணிக்கட்டில் விரல் வைத்தால் எனக்கே தெரியும். ரெண்டு துடிப்பு அடுத்தடுத்து ஓடும், ஒரு இடைவெளி, அப்புறம் லேசாக ஒன்று. எந்தத் தாளத்திலும் அடங்காது.

அந்த அறையில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் தினமும் அசிட்ரோம் என்ற மாத்திரை. மாத்திரை விலை எங்களுக்குப் பாரமில்லை. டெஸ்ட்தான் பாரம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் உள்ளுக்குள் கசியும். அதைப் பார்க்க 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போகிறோம். மிளகு பறிக்கிற சமயத்தில் அக்கா அசையவே மாட்டாள். “ஒரு நாள் கூலி போயிரும்டா தம்பி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

அப்படித் தள்ளிப்போட்ட ஒரு மாதத்தில் இடுப்பு வலிக்குக் கடையில் செட் மாத்திரை வாங்கிப் போட்டாள். அதில் வலி மாத்திரையும் இருந்தது. காலையில் பல் விளக்கினால் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. ஐஎன்ஆர் 5ஐத் தாண்டியிருந்தது. அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து செட் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். “வாரா வாரம் ஒரே அளவா சாப்பிடும்மா, ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் ஒண்ணுமில்லைன்னு இருக்கக் கூடாது” என்றுதான் டாக்டர் அக்காவிடம் சொன்னார்.

டெஸ்ட் தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறலாமே என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ருமாட்டிக் வால்வு நோயோடு இந்தத் துடிப்புக் கோளாறும் இருப்பவர்களுக்கு அது சரிவருமா என்று 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். இன்விக்டஸ் ஆய்வு. அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த கணேசன் கார்த்திகேயன் அதை நடத்தியவர்களில் ஒருவர். 2022இல் முடிவு வந்தது. புதிய ரிவரோக்ஸபானைவிட வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் சாவு குறைவு. அக்காவின் அசிட்ரோமும் அந்த வகைதான். ஆக, இந்த நோய்க்குப் பழைய மாத்திரைதான் கதி. அப்படியானால் டெஸ்ட் மலையேறி வந்தே ஆக வேண்டும்.

வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஐஎன்ஆர் சொல்லும் கைக்கருவியும் உலகத்தில் இருக்கிறது. மலைப்பகுதிக்கு ஒரு கருவியும் அதற்கான ஸ்ட்ரிப்பும் கொடுத்து, அளவைக் கீழே இருக்கும் டாக்டருக்குப் போனில் சொன்னால் மாத்திரையைக் கூட்டலாம், குறைக்கலாம். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அக்காக்கள் பிரஷர் பார்க்கும்போதே ஒரு நிமிடம் நாடியையும் பிடித்துப் பார்க்கட்டும். தாளம் தப்பினால் ஈசிஜிக்கு அனுப்பட்டும். இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கிறேன். மலையில் இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சேர்ந்து வாருங்கள்.