ராக்சானாவின் பூக் கம்பளம்: மூன்றாவது வாரம்

லைமன் பீச்சர் என்ற அமெரிக்கப் போதகரின் தன்வரலாற்றில் வரும் ஒரு கம்பளம் ரொம்ப நாளாக மனதில் கிடந்தது. அதைத்தான் இப்போது சின்ன அளவில் நானே செய்துபார்க்கிறேன். 1799-ல் அவருக்கும் ராக்சானாவுக்கும் கல்யாணம். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவில், ஈஸ்ட் ஹாம்ப்டன் சபையில் வேலை, சம்பளம் முதலில் வருடத்துக்கு 300 டாலர், அப்புறம் 400, கூடவே விறகு. அந்த ஊரில் யார் வீட்டிலும் கம்பளம் கிடையாது, தரையில் மணல் பரப்பியிருப்பார்கள். உறவினர் கொடுத்த காசில் லைமன் ஏலத்தில் ஒரு பொதி பஞ்சு எடுத்துவர, ராக்சானா அதை நூற்று, நெய்யக் கொடுத்து, துணிக்குப் பசையேற்றி, நடுவில் ரோஜாக் கொத்தும் சுற்றிலும் கரையுமாக எண்ணெய்ச் சாயத்தில் தீட்டிக் கூடத்தில் விரித்திருக்கிறார். பார்க்க வந்த டீக்கன் (சபையின் மூத்த பொறுப்பாளர்) அதை மிதிக்க மனமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டு, இதுவும் வேண்டும் பரலோகமும் வேண்டுமா என்று கேட்டாராம்.

நான் நூற்கவில்லை. காடா துணியில் 3 அடிக்கு 2 அடி வெட்டி, பலகையில் ஆணியடித்து, மைதாப் பசை பூசினேன். பசை முக்கியம், சாயத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் நேராக நூலில் இறங்கினால் நாளடைவில் துணி மொறுமொறுவென்று இற்றுப்போகும். முதல் துணியை நனைத்துக் காயவைக்காமல் அடித்துவிட்டேன், காய்ந்தபோது சுருங்கி இரண்டு ஓரத்திலும் ஆணியோடு கிழிந்தது. இரண்டாவது துணி நன்றாக நின்றது.

சாயத்தை ராக்சானாவே அரைத்துக் குழைத்தார் என்பதால் நானும் கடையில் குழாய்ச் சாயம் வாங்கவில்லை. காவிப்பொடியைக் கண்ணாடிப் பலகையில் கொட்டி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அடி தட்டையான கல்லால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் நறநறவென்று சத்தம் வரும், அது அடங்கி வெண்ணெய் மாதிரி வழுக்கினால்தான் பதம். இரண்டு ஸ்பூன் சாயத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது, மணிக்கட்டு கழன்றுவிட்டது. ஒரு கூடம் முழுக்க விரிக்கும் அளவுக்கு அவர் எத்தனை நாள் தேய்த்திருப்பார்! அதோடு அந்த வீட்டில் வருமானம் போதாமல் பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தினார், 1800-ல் பிறந்த கேத்தரின் தொடங்கி வரிசையாகக் குழந்தைகள் வேறு. டீக்கன் பார்த்த ஆடம்பரத்துக்குப் பின்னால் இருந்தது பணம் இல்லை, இந்தக் கைகள்தான்.

1810-ல், சம்பளம் கட்டுப்படியாகாமல், குடும்பம் கனெக்டிகட் மாநிலத்தின் லிட்ச்ஃபீல்டு ஊருக்குக் குடிபெயர்ந்தது. 1816-ல் காசநோயில் ராக்சானா இறந்தபோது வயது 41, எட்டுப் பிள்ளைகள். பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் வாங்கிய மகள் ஹாரியட்டுக்கு அப்போது ஐந்து வயது. அம்மாவின் நினைவாக அவளிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்று தேய்த்துக்கொண்டே யோசித்தேன்.

இப்போது மூன்று ரோஜா முடிந்திருக்கிறது. ஒன்பது நாளாகியும் தடிமனான இதழ் விரலில் ஒட்டுகிறது, அடுத்த ரோஜாக்களுக்கு மெல்லிய பூச்சாக இரண்டு தடவை போட வேண்டும். கரைக்குச் சுண்ணாம்பு தடவிய நூலால் கோடு தட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பச்சை அரைக்கிறேன்.