ஆடிப் பதினெட்டில் பரிசல் ஓடாது

தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினியார் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31. கொங்கில் அதை ஆடிப் பதினெட்டு என்றுதான் சொல்வார்கள். கும்பினியை எதிர்த்த இந்தக் கிளர்ச்சிக் காலத்தில் இளையோருக்கான மாயக்கதை எழுத உட்காருகிறவர்கள் முதல் வேலையாக ஒரு மந்திரவாதியைத் தேடுகிறார்கள். அவன் மெதுவாக வரட்டும், முதலில் ஆற்றைப் பாருங்கள்.

சங்ககிரிச் சேதி அன்றைக்கே சின்னமலை கோட்டை கட்டியிருந்த ஓடாநிலைப் பக்கம் போய்ச் சேர வேண்டும். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நடை, நடுவில் காவிரி. மேட்டூர் அணை வந்தது 1934-ல்தான், அதற்கு முன் ஆடிப் பெருக்கைத் தடுக்க ஒன்றுமில்லை. பாலமும் கிடையாது. அந்தச் சுழிப்பில் எந்தப் பரிசல்காரரும் துடுப்பைத் தொடமாட்டார். மாடு மேய்க்கும் பதினைந்து வயதுப் பையன் கரையில் நிற்கிறான். மாயம் நுழைய வேண்டிய இடம் இதுதான்.

அந்த மாயத்தை வெளியிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை. நம் கோயில்களில் பூக் கேட்பது உண்டல்லவா? ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் செவ்வரளி. வெளியே தெரியாமல் இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். உங்கள் கதையில் கன்னிமார் இப்படித்தான் பேசட்டும்: ஆம், இல்லை, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரே கேள்வி. பையன் "ஆத்தைத் தாண்டலாமா?" என்று கேட்கிறான், வெள்ளைப் பூ வருகிறது, தாண்டிவிடுகிறான். நேரத்துக்குப் போய்ச் சேருவோமா என்று கேட்க மறந்துவிட்டான். சாமி பொய் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாம் கெட்டுப்போகிறது. கேட்டதெல்லாம் கொடுக்கும் சாமியை வைத்தால், "அப்புறம் ஏன் சின்னமலையைக் காப்பாத்தல?" என்று பதின்மூன்று வயது வாசகர் இரண்டாம் அத்தியாயத்திலேயே கேட்பார். வரலாற்றின் முடிவில் கை வைக்காதீர்கள்.

சண்டைக் காட்சியில் எல்லோரும் மழையைக் கொட்டவிட்டு வெடிமருந்தை நனைக்கிறார்கள். ஆடியில் கொங்குச் சமவெளியில் ஏது அவ்வளவு மழை? இங்கே பெருமழை ஐப்பசியில். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது காற்று. திரித் துப்பாக்கியின் பக்கவாட்டில் சின்னக் குழி ஒன்று இருக்கும். அதில் ஒரு சிட்டிகை மருந்து வைத்து மூடி, சுடும்போது மூடியை விலக்கி, எரியும் திரியை இறக்க வேண்டும். மூடி விலகும் அந்த நொடியில் காற்று வீசினால் மருந்து பறந்துவிடும், திரி வெறுங்குழியைத் தொடும். காற்றை எப்போது எழுப்புவது என்று தெரிந்த ஒரு பெண் போதும், ஒரு படையையே தடுமாற வைப்பாள்.

ஒளிந்து ஓடும் இடம் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நுழையும் இடத்தில் முள் படல். சீமைக்கருவேலம் அன்றைக்கு இந்த மண்ணுக்கு வரவில்லை, அதனால் அந்தப் புதருக்குள் யாரையும் பதுக்காதீர்கள். தீப்பெட்டியும் கூடாது, சிக்கிமுக்கிக் கல்தான். சாப்பாடு கம்பும் சோளமும் ராகியும். நெல்லுச்சோறு வாய்க்கால் பாசனக்காரர் வீட்டில்தான். தண்ணீர் இறைப்பது மாடு பூட்டிய கவலை ஏற்றத்தில். அப்போதைய பயிர், பாசன விவரம் வேண்டுமென்றால், 1800-ல் இந்தப் பக்கம் பயணம் போன பிரான்சிஸ் புக்கானனின் குறிப்புகள் 1807-லேயே அச்சாகிவிட்டன. வெள்ளைக்காரக் கண் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பேச்சில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 1805-ல் ஒரு பையன் "சுதந்திர இந்தியா" என்று முழங்கமாட்டான். அவன் வீட்டுக் கோபம் கந்தாயம் என்ற நிலவரியின் மேல். நேரத்தை நாழிகையில் சொல்வான், ஒரு நாழிகை 24 நிமிடம். அப்பாருவிடம், அதாவது தாத்தாவிடம், பேசும்போது எவ்வளவு அவசரமானாலும் 'ங்க' விட்டுப்போகாது: "ஏனுங்கப்பாரு, ஆத்துல தண்ணி எம்புட்டுங்க?"