பெட்டிச் செய்தி நோட்டு: ஆறு மாதக் கணக்கு

தையில் ஆரம்பித்தது, இப்போது ஆடி. 192 பக்க நோட்டில் 60 பக்கம் நிரம்பியிருக்கிறது. இடப்பக்கத்தில் பத்திரிகையில் வெட்டிய வினோதச் செய்தி. வலப்பக்கத்தில், அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் தேடிப் படித்தது. பெட்டிச் செய்தி எழுதுகிறவர்களுக்கு அந்த 'அப்புறம்' மட்டும் ஆகாது. 'அப்பகுதியில் பரபரப்பு நிலவியது' என்று முடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல் இரண்டு மாதம் வீண். மைதாவைக் காய்ச்சிப் பசை போட்டு ஒட்டினேன். ராமபாணப் பூச்சி வந்து மைதாவோடு செய்தியையும் சேர்த்துத் தின்றது. தெருமுனை பைண்டிங் கடைக்காரர்தான், "மயில்துத்தம் போட்டீங்களா?" என்று கேட்டார். ஒரு சிட்டிகை போட்டதும் பசைக்கு லேசான நீலம் வந்தது. பூச்சி வரவில்லை. அது விஷம் என்று தெரிந்ததும், அந்தச் சட்டி இனி அடுக்களைக்குள் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். நியாயம்தான்.

வலப்பக்கங்களில் சில ஒரே வரியில் முடிந்துவிடும். 1992இல் பசிபிக் கடலில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து விழுந்த ரப்பர் வாத்துகள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். விழுந்த ஏறத்தாழ 28,800 பொம்மைகளில் வாத்து கால்வாசிதான். ஆமை, தவளை, நீர்நாய் போன்ற பீவர் எல்லாம் உண்டு. பாவம், அவற்றுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

2001இல் கேரளத்தில் பெய்த சிவப்பு மழைக்கு இரண்டு பக்கம் ஆனது. எரிகல், வேற்றுக்கிரக உயிர் என்றெல்லாம் பேச்சு. அரசு ஆய்வு செய்யச் சொன்னபோது தெரிந்தது, சிவப்புக்குக் காரணம் டிரென்டபோலியா என்ற பாசியின் வித்துகள். அந்தப் பாசி அங்கே மரத்திலும் பாறையிலும் தாராளமாக வளர்வது. வேற்றுக்கிரகக் கதை அதற்கப்புறமும் ஓடியது.

போன வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தேன். அடியில் விரித்திருந்த பேப்பர் 1995 செப்டம்பருடையது. பிள்ளையார் சிலைகள் ஸ்பூனில் நீட்டிய பாலைக் குடித்ததாகப் பரவிய செய்தி! செப்டம்பர் 21, வியாழக்கிழமை. அன்று நானும் தம்ளரோடு வரிசையில் நின்றேன். எங்கள் முறை வருவதற்குள் அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது.

சரி, இப்போதாவது கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டுப் பித்தளைப் பிள்ளையாரை எடுத்தேன். ஸ்பூனில் விளிம்பு தட்டப் பால் ஊற்றி, தும்பிக்கை வளைவில் ஒட்டினாற்போல் பிடித்தேன். அசையவில்லை. மேலே விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயும் முன் மறுபடி பிடித்தேன். விளிம்புக்கு மேல் உப்பி நின்ற பால் தும்பிக்கையைத் தொட்டதுதான் தாமதம், மட்டம் சரசரவென்று இறங்கியது. எனக்கே ஒரு நிமிடம் சிலிர்த்துவிட்டது. கண்ணுக்கு எதிரே ஸ்பூன் காலியாகிறது, கீழே சொட்டுக்கூட விழவில்லை.

அப்போது டில்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து பார்த்தார்களாம். என்னிடம் பீட்ரூட் சாறு இருந்தது. இந்த முறை தும்பிக்கையிலிருந்து தொந்தி வரை மெல்லிய ரோஜா நிறக் கோடு இறங்கி, பீடத்தடியில் தேங்கியது. பரப்பு இழுவிசை பாலை ஸ்பூனிலிருந்து இழுக்க, ஈரப் பித்தளை மேல் அது படலமாக வழிந்திருக்கிறது. வெள்ளைப் பால் அத்தனை மெல்லிசாக வழிந்தால் யார் கண்ணில் படும்?

அம்மா வந்து பார்த்தார். ரோஜா நிறப் பிள்ளையாரை முந்தானையால் துடைத்தார்.

"அன்னிக்கு அவர் குடிச்சார். இன்னிக்கு நீ ஊத்தினே."

அதையும் வலப்பக்கத்தில், பீட்ரூட் கறை பட்ட இடத்துக்குக் கீழேயே எழுதி வைத்திருக்கிறேன்.