நிக்கல் வினையூக்கியும் ஒளிந்திருக்கும் இரும்பும்

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதில் பெரிய தலைவலி ஹைட்ரஜன் பக்கம் இல்லை. ஆக்சிஜன் வரும் நேர்மின்முனையில்தான். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலெக்ட்ரான்கள் கைமாற வேண்டும். கணக்குப்படி 1.23 வோல்ட் போதும் என்றாலும், அதற்கு மேல் செலவாகும் மின்னழுத்தத்தில் (இதுதான் மிகை மின்னழுத்தம்) பெரும்பங்கை இந்த முனையே விழுங்கிவிடும். அமிலத்தில் இதற்கு வினையூக்கியாக அரிதான இரிடியம் தேவை. காரத்தில் நிக்கலும் இரும்பும் போதும், அதனால்தான் எனக்கு இந்த ஜோடி மேல் இவ்வளவு ஆர்வம்.

இந்த வினையூக்கியைச் செய்ய, முதலில் நிக்கல் நுரை (கடற்பஞ்சு போல் துளைகள் உள்ள நிக்கல்) துண்டை அசிட்டோனிலும், பிறகு 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் பத்துப் பத்து நிமிடம் மீயொலித் தொட்டியில் வைத்து, அயனி நீக்கிய நீரில் நன்றாக அலச வேண்டும். 100 மி.லி. நீரில் நிக்கல் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 0.087 கிராம், ஃபெரிக் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 0.121 கிராம் கரைத்தால் இரண்டும் 3 மில்லிமோலார். நுரையை இதில் முக்கி, வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு முனைக்கு எதிராக −1.0 வோல்ட், 300 வினாடி கொடுங்கள். நைட்ரேட் ஒடுங்கும்போது நுரையின் பரப்பில் காரத்தன்மை ஏறி, இரண்டு உலோகமும் ஹைட்ராக்சைடாகப் படியும். கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். பழசானால் இரும்பு நீராற்பகுப்படைந்து கலங்கிவிடும். படலமும் திட்டுத்திட்டாகி உதிரும்.

அளவீட்டில்தான் பலரும் ஏமாறுவது. காரக் கரைசலுக்காகக் கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் துளி இரும்பு இருக்கும். அதுவே நிக்கலில் புகுந்து ஆக்சிஜன் வினையைத் தூக்கிவிடும் என்று 1987இலேயே காரிகன் என்ற ஆய்வாளர் காட்டினார். ஆகவே ‘வெறும் நிக்கல்’ என்று ஒப்பீட்டுக்கு வைப்பது உண்மையில் வெறும் நிக்கலாக இருக்காது. மிகத் தூய நிக்கல் உப்பிலிருந்து நிக்கல் ஹைட்ராக்சைடை வீழ்படிவாக்கிக் கழுவி, அதைக் காரக் கரைசலில் போட்டுக் குலுக்கிச் சில மணி நேரம் விட்டால் இரும்பை அது உறிஞ்சிக்கொள்ளும். தெளிந்ததைப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் எடுங்கள். கண்ணாடியைக் காரம் அரித்தால் மறுபடி இரும்பு கசியும்.

மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே மின்னோட்டத்தை வரைந்தால், மீள் ஹைட்ரஜன் அளவுகோலில் (ஹைட்ரஜன் முனையைச் சுழியமாக வைத்து அளப்பது) 1.35 முதல் 1.45 வோல்ட் வரை தெரியும் மேடு நிக்கலே ஆக்சிஜனேற்றம் அடைவது. அதை ஆக்சிஜன் மின்னோட்டம் என்று எண்ணி ‘மிகை மின்னழுத்தம் மிகக் குறைவு’ என்று எழுதிவிடாதீர்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியரில் நிலையாக ஓட்டி மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நுரை கரைசலை மேலே இழுத்துப் பரப்பைக் கூட்டிவிடும் என்பதால் 1 ச.செ.மீ. விட்டு மீதியை எபாக்சியால் அடையுங்கள். அதே துண்டை ஹைட்ரஜன் பக்கம் சோதிக்கும்போது எதிர்முனைக்குப் பிளாட்டினம் வேண்டாம். அது கரைந்து உங்கள் வினையூக்கி மேல் படியும். கிராஃபைட் தண்டு போதும்.