எஸ்போன் மேட்டில் அம்மாவின் பொருத்தனை

எங்கள் வீட்டுப் பாதையைப் பக்கத்துத் தோட்டக்காரர் முள்வேலி போட்டு ஐந்து வருடம் அடைத்து வைத்திருந்தார். அப்பாவின் சவப்பெட்டியைக்கூட வாய்க்கால் வரப்பு வழியாகத்தான் தூக்கிப்போனோம். அன்றிலிருந்து எங்கள் குடும்ப ஜெபத்தில் 136-ஆம் சங்கீதம்தான். "எமோரியரின் ராஜாவாகிய சீகோனை அழித்தவரைத் துதியுங்கள்" என்று நான் வாசிப்பேன். "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சொல்வதற்குள் அம்மாவுக்குக் குரல் உடைந்துவிடும். பாதை திறந்தால் சீகோனின் ஊரான எஸ்போனிலேயே நின்று இதை வாசிப்பேன் என்று பொருத்தனை பண்ணியிருந்தார்கள்.

போன வருடம் வேலியை எடுத்தார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

யோர்தான் நாட்டுக்கு ஒரு பயணக் குழுவோடு போனோம். முதலில் நேபோ மலை. மோசே கானானைப் பார்த்த இடத்தில் நின்று ஜெபிக்கலாம் என்றால் ஒரே தள்ளுமுள்ளு, செல்ஃபி எடுப்பவர்கள் நகரவே இல்லை. வேதத்தில் வரும் மேதேபாதான் இன்றைய மதாபா. அங்கே மொசைக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். எஸ்போன் மட்டும் பட்டியலில் இல்லையாம்! மனசு கொதித்தது. சரி என்று மறுநாள் நாங்கள் இருவரும் டாக்சி பிடித்தோம். மதாபாவுக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர்தான். இப்போது ஹெஸ்பான் என்கிறார்கள்.

மேடு ஏற அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "திரும்பிப் போயிரலாமாம்மா?" என்றேன். "கையைப் பிடி பிள்ளே, ஏறிருவேன்" என்றார்கள். உச்சியில் பழைய ஆலயத்தின் இடிபாடுகள், உடைந்த தூண்கள், நல்ல வெயில். சீகோனின் அரண்மனை என்று சொல்ல ஒரு சுவர்கூட இல்லை.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து எண்ணாகமம் 21-ஐத் திறந்தார்கள். வயலில் கால் வைக்கமாட்டோம், திராட்சத்தோட்டத்துக்குள் போகமாட்டோம், உங்கள் கிணற்றுத் தண்ணீரைக்கூடக் குடிக்கமாட்டோம், ராஜபாதையில் நடந்து போய்விடுகிறோம் என்று கானானுக்குப் போகிற வழியில் இஸ்ரவேலர் சீகோனிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். சீகோன் விடவில்லை. யாகாஸ் என்ற இடத்துக்குப் படையோடு வந்து தோற்றான். அர்னோன் ஆறு முதல் யாப்போக்கு ஆறு வரை அவன் தேசமே கைமாறியது. அம்மா விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தார்கள். "வழிதானே கேட்டாங்க..." அதற்கு மேல் பேச முடியவில்லை. அப்புறம் இருவரும் சங்கீதத்தை முழுவதும் சொன்னோம். 26 தடவை, "அவர் கிருபை என்றுமுள்ளது." கர்த்தாவே, எத்தனை உண்மை!

கண்ணைத் திறந்தபோது டாக்சிக்காரர் எங்கள் பின்னாலேயே மேடேறி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மா இரண்டு கையாலும் வாங்கி, ஸ்தோத்திரம் சொல்லிக் குடித்தார்கள்.