மக்காச்சோளத்தில் மணி பிடிப்பது பூக்கும் நேரத்து வளர்ச்சியில்தான்

ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி, கமுதி பக்கம் ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் மக்காச்சோளம், மழை ஓயும் மார்கழியில் பட்டு நூல் (கதிர் நுனியில் வரும், மகரந்தம் ஏற்கும் இழை) விடுகிறது. சிக்கலே அங்கேதான். நூல் வருவதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் செடி எவ்வளவு வேகமாக வளர்கிறதோ, அதைப் பொறுத்தே கதிரில் மணி நிற்கும்.

பழைய கலப்பினங்களில் செடியின் வளர்ச்சி கொஞ்சம் குறைந்தாலே கதிர் மலடாகும். செடி உச்சியில் உள்ள ஆண் பூவான கொண்டை மகரந்தம் கொட்டி முடித்த பிறகுதான் நூல் எட்டிப் பார்க்கும். புதியவை அதே குறைந்த வளர்ச்சியிலும் கூடுதல் மணி பிடிக்கும். நெருக்கி நட்டாலும் தாங்குவது இதனால்தான். ஆனால் தாங்கும் என்பதற்காக மானாவாரியில் 60×25 செ.மீ. இடைவெளிக்கும் நெருக்க வேண்டாம். அதுவே ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி.

நூல் காய ஆரம்பித்ததும் ஒரு கதிரின் தோலைப் பக்குவமாக உரித்து உதறிப் பாருங்கள். கருவுற்ற மணியின் நூல் உதிர்ந்துவிடும். ஒட்டியே இருந்தால் மகரந்தம் சேரவில்லை. நூல் உதிர்ந்தும் நுனி மணிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தால் செடிக்குச் சத்தும் நீரும் போதவில்லை. பண்ணைக்குட்டையில் ஒரே ஒரு தண்ணீர்தான் மிச்சம் என்றால், கொண்டை தலைகாட்டும்போது பாய்ச்சுங்கள். கடலோர உப்புக் கிணற்று நீரை அப்போது தவிர்ப்பது நல்லது.