லோவர் பியர்ஸ் கரையில் சித்தப்பாவோடு ஒரு காலை

சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு காலாங். நீளம் சுமார் 10 கிலோமீட்டர்தான். அந்தச் சின்ன ஆற்றுத் தடத்தில் மூன்று இடங்களில் தண்ணீரை மறித்திருக்கிறார்கள். தலைமாட்டில் அப்பர் பியர்ஸ், அதற்குக் கீழே லோவர் பியர்ஸ், கடலோரத்தில் 2008-ல் திறந்த மரினா அணைக்கட்டு. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் பார்க்கிறார்கள். புல்வெளியில் பட்டம் விடுகிறார்கள், நகரத்தைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் அழைத்துப்போவது நடுவில் இருக்கிற லோவர் பியர்சுக்குத்தான். மூன்றில் சிறியது அது. ஒரு காலைக்குள் கரை, காடு, கீழே ஓடும் ஆறு எல்லாவற்றையும் கால்நடையாகவே பார்த்துவிடலாம்.

இந்த முறை வந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து என் சித்தப்பா. ஊர்க் கண்மாயின் பாசன சங்கத்தில் நெடுநாள் இருந்தவர். மழைக்காலத்தில் இரவெல்லாம் டார்ச்சோடு கரையைச் சுற்றி வந்த மனிதர். நீர்த்தேக்கம் பார்க்கப் போகலாம் என்றதும் முதல்நாள் ராத்திரியே கிளம்பி நின்றார்.

அப்பர் தாம்சன் சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, கெசுவரினா சாலை வழியாக நடந்தோம். மூலையில் இருக்கும் பரோட்டாக் கடைகளைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தேன். இங்கே ஏழு மணிக்குத்தான் நன்றாக வெளுக்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர்மேல் பனிப்புகை இன்னும் கலையவில்லை.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் 1868-ல் முடிந்தது, இன்றைய மெக்ரிட்சி. ஊர் பெருத்து அது போதாமல் போகவே காலாங் ஆற்றின் மேல்பகுதியை மறித்து இதைக் கட்டினார்கள். 1912-ல் திறந்தபோது பெயர் காலாங் ஆற்று நீர்த்தேக்கம். அப்போது நகராட்சிப் பொறியாளராக இருந்த ராபர்ட் பியர்சின் பெயரை 1922-ல் சூட்டினார்கள். பிறகு 1970-களில் மேற்புறத்தில் இன்னோர் அணை எழும்பியது. 1977-ல் திறக்கப்பட்ட அந்த அப்பர் பியர்ஸ் 2 கோடியே 78 லட்சம் கன மீட்டர் தண்ணீர் கொள்ளும். கீழே இருக்கிற நம்முடையது கொள்வது 28 லட்சம் கன மீட்டர்.

இதைக் கேட்டதும் சித்தப்பா நடையை நிறுத்திவிட்டார்.

"ஏம்ப்பா, அப்ப மேல இருக்கறதுல பத்துல ஒரு பங்குதான் இது. மேல ஒண்ணு ஆச்சுன்னா இது தாங்குமா?"

அணைப் பொறியாளர்கள் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். ஒன்றன்கீழ் ஒன்றாக அணை இருந்தால் கீழணையைத் தனியாகக் கணக்குப் போட முடியாது. 1925 நவம்பரில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், டோல்கரோக் என்ற ஊருக்கு மேலே இருந்த எய்கியாவ் அணையின் அடித்தளம் அரித்துப் போயிற்று. அங்கிருந்து பாய்ந்த வெள்ளம் கீழே இருந்த கோய்ட்டி அணைக்கு வந்தது. அதன் மண்கரைக்கு மேலேயே தண்ணீர் புரண்டது, கரை கரைந்தது. 16 பேர் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அந்த நாட்டில் 1930-ல் நீர்த்தேக்கப் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்தது. இங்கே லோவர் பியர்சுக்குக் கீழே இருப்பது பீஷான், தோ பாயோ, காலாங். லட்சக்கணக்கானவர்கள் குடியிருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள். அதனால்தான் இந்தச் சின்னக் கரையைச் சும்மா நடைபாதையாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை.

சித்தப்பா தண்ணீர்ப் பக்கமே பார்க்கவில்லை. கைப்பிடியோரம் நின்று கரையின் வெளிச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஒரு மரம், ஒரு புதர் இல்லை.

"நம்ம கரையில பனையா நட்டு வச்சிருக்கோம். இவங்க ஒண்ணுகூட விடல."

பனையின் வேர் சல்லிவேர், பருக்காது, மண்ணைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் நம் முன்னோர் கண்மாய்க் கரையில் பனை நட்டது சரியான வேலை. ஆனால் ஆலும் அத்தியும் கருவேலும் அப்படியல்ல. பருத்த வேர் கரைக்குள் ஊடுருவும். மரம் பட்டால் உள்ளேயே வேர் மக்கி, அந்த இடம் தண்ணீர் போகிற குழாயாகிவிடும். காற்றில் மரம் சாய்ந்தால் கரையையே பெயர்த்துக்கொண்டு சாயும். இங்கே அடிக்கிற மழைக்கும் வெயிலுக்கும் பறவை எச்சத்தில் விழுந்த அத்தி விதை சில வருஷத்தில் மரமாகிவிடும். புல்லைக் குட்டையாக வைப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சரிவில் எங்காவது ஈரம் கசிந்தால், விரிசல் விட்டால், மண் சற்றே சரிந்திருந்தால் நடந்து போகிறவர் கண்ணுக்கே தெரிய வேண்டும்.

இதைச் சித்தப்பாவுக்கு நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. "கரையடிதான் பாக்கணும்" என்றார். "கசிவு எல்லாக் கரையிலயும் இருக்கும். தெளிஞ்ச தண்ணியா வந்தா பயமில்ல. கலங்கலா வந்துச்சுன்னா உள்ள மண்ணைத் தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அன்னிக்கு ராத்திரி தூக்கம் கிடையாது." நண்டு வளை, எலி வளை, பெருச்சாளிப் பொந்து என்று ஊரில் அடைத்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மண்கரைகள் உடைவதற்குப் பொறியியல் நூல்கள் முதலில் சொல்லும் இரண்டு காரணங்கள் இவைதான்: மிகுந்த நீர் வழிந்தோடும் கலுங்கு கொள்ளாமல் கரைமேல் தண்ணீர் புரள்வது, கரைக்குள்ளேயே கசிவு மண்ணை அரித்துக் குழாய் போடுவது. மண்வெட்டி பிடித்த கை அதையே வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தது.

பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஒரு வாரியம் இருந்தது தெரிகிறது. இங்கே அந்த வேலை பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. பூங்கா, காடு, விலங்குகள் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. நடக்க வருகிற நாமும் கொஞ்சம் கைகொடுக்கலாம். குறுக்கு வழி என்று சரிவில் இறங்கி ஏறினால் புல் செத்துத் தடம் விழும், மழைநீர் அந்தத் தடத்தில்தான் மண்ணை அறுக்கும். கலுங்கு வாயில் மரக்கிளை அடைத்துக் கிடந்தாலோ, சரிவில் புதிதாக ஈரம் தெரிந்தாலோ ஒரு படம் எடுத்துப் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு அனுப்பிவிடுங்கள். நான் அனுப்புவேன். அது சின்ன வேலை, ஆனால் அவசியமான வேலை என்று நினைக்கிறேன்.

கரையை விட்டுப் பலகைப் பாதைக்குள் நுழைந்ததும் காற்றே மாறிவிட்டது. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த பாதை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காடு. பழைய ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. காய் வெடிக்கிற 'டப்' சத்தத்துக்குச் சித்தப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார். பலகைக்குக் கீழே ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு, நாக்கை நீட்டி நீட்டிச் சேற்றைத் துழாவிக்கொண்டு எங்களைப் பொருட்படுத்தாமல் போயிற்று. தண்ணீரில் சாய்ந்து கிடந்த கட்டையில் காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்தன. அவை இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. வீட்டில் வளர்த்து அலுத்துப்போய் யாரோ கொண்டுவந்து விட்டவை. விசாக நாளையொட்டிப் புண்ணியம் என்று ஆமை, மீன், தவளை விடுகிறவர்களும் உண்டு. விட்டதில் பல செத்துப்போகும், மீதி உள்ளூர் உயிர்களின் இரையைப் பிடுங்கும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

வெளியே பழைய அப்பர் தாம்சன் சாலையில் தலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் தெரியும். 1961 முதல் 1973 வரை இந்தச் சாலையில்தான் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்தது. இன்று அதே சாலையை ஒற்றைத் தடமாகக் குறுக்கி, ராஃபிள்ஸ் லங்கூர் என்ற கருமந்திகள் மேலேயே கடந்து போகப் பாலம் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் அவை நூறுகூட இல்லை. நாங்கள் போன அன்று ஒன்றும் கண்ணில் படவில்லை. சாதாரணக் குரங்குகள்தான் கூட்டமாக வந்தன. பிளாஸ்டிக் பையைக் கண்டால் சாப்பாடு என்று பாயும், பையை முதுகுப்பைக்குள் வைத்துவிடுங்கள். தீனி போடவே கூடாது. 2020-லிருந்து எந்தக் காட்டுயிருக்குத் தீனி போட்டாலும் முதல் முறைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம்.

அங்கிருந்து கீழே, பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்கு நடந்தோம். அணைக்குக் கீழே ஆறு என்ன ஆகிறது என்று பார்க்காமல் சித்தப்பா வீடு திரும்பத் தயாராக இல்லை. முன்பு 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் காங்கிரீட் கால்வாயாகக் கிடந்ததை உடைத்து, வளைந்து நெளியும் 3.2 கிலோமீட்டர் ஆறாக 2012-ல் திறந்தார்கள். மழை இல்லாதபோது கணுக்கால் அளவு தண்ணீர், பிள்ளைகள் கல்லுக்குக் கல் தாவி விளையாடுகிறார்கள். கனமழை பெய்தால் இதே ஆறு 100 மீட்டர் அகலம்வரை புல்வெளிமேல் படரும். அதற்காகவே நீர்மட்ட உணரிகளும் எச்சரிக்கை விளக்கும் சைரனும் வைத்திருக்கிறார்கள். சைரன் கம்பத்தைச் சித்தப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நம்ம ஊர்ல மறுகால் பாஞ்சா தமுக்கடிப்பாங்க. அதுதானே இது?"

"அதேதான் சித்தப்பா."

நீர்நாய்கள் அன்று வரவில்லை. இந்த ஆற்றில் வளர்ந்த ஒரு குடும்பம் நாடு முழுக்கப் பேர் வாங்கி, கீழே மரினா வரை போனது. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் விடிந்ததும் வந்துவிட வேண்டும், நாங்கள் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

போகிறவர்களுக்கு: லோவர் பியர்சில் மீன் பிடிக்க அனுமதித்த இடம் உண்டு, ஆனால் செயற்கைத் தூண்டில் இரை மட்டும். நீந்தக் கூடாது. இடி இடித்தால் பலகைப் பாதையில் நிற்காதீர்கள். தண்ணீர்ப் புட்டி கொண்டுபோங்கள். காலில் தெம்பு இருந்தால் பீஷானோடு நிறுத்தாமல் காலாங் வரை ஆற்றோரமாகவே நடக்கலாம். நாங்கள் பரோட்டாவுக்குத் திரும்பிவிட்டோம். சித்தப்பா ஊர் திரும்பும் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருக்கிறார், மூன்றாவது அணையையும் அடிமுதல் பார்த்துவிட வேண்டுமாம்.